மகாகனி நம் கொல்லையில் வருமா? தருமபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கம் நர்சரிகளில் மாங்கன்று வரிசைக்குப் பக்கத்திலேயே இப்போது மகாகனிக் கன்றும் நிற்கிறது. பாலக்கோடு, பென்னாகரம், அரூர் என்று எங்கே போனாலும் மரப்பயிர் பேச்சு வந்தால் முதலில் வரும் பெயர் இதுதான். இந்த மரத்தைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கன்று வாங்கப் பணம் எடுக்கும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

மகாகனி எந்த ஊர் மரம்?

அமெரிக்கக் கண்டத்து மரம். மெக்சிகோவின் தென்பகுதியில் தொடங்கி, பெலிஸ், குவாத்தமாலா, ஹோண்டுராஸ், நிகராகுவா வழியாக இறங்கி, பெரு, பொலிவியா, பிரேசிலின் அமேசான் காடுகள் வரை இயற்கையாக வளர்கிறது. நம் வேம்பும் மலைவேம்பும் எந்தக் குடும்பமோ அதே குடும்பம்.

மகாகனியில் உண்மையான இனங்கள் மூன்று. நாம் நடுவது பெரும்பாலும் பெரிய இலை மகாகனி, தாவரப் பெயர் ஸ்விட்டெனியா மேக்ரோஃபில்லா. கியூபா, ஜமைக்கா போன்ற கரீபியன் தீவுகளைச் சேர்ந்த சிறிய இலை மகாகனி இன்னொன்று. மூன்றாவது மத்திய அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்து வறண்ட பகுதி மரம், அது நம் பக்கம் பேச்சிலேயே இல்லை. சிறிய இலை மரம் 1795-ல் ஜமைக்காவிலிருந்து கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்தது. பெரிய இலை மரம் 1872-ல் ஹோண்டுராஸிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. ஆகவே இது புது மரம் இல்லை. நம் ஊர் வியாபாரத்துக்குத்தான் புதுசு.

அதன் சொந்தக் காடு எப்படி இருக்கும்?

மரத்தின் குணத்தை அது பிறந்த காடுதான் சொல்லும் என்பதால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

மழைக்காடு என்றதும் ஆண்டு முழுக்க ஈரம் சொட்டும் காடு என்று நினைத்துக்கொள்கிறோம். மகாகனி நிறைய இருந்த காடுகளில் கோடை உண்டு. ஆண்டுக்கு 1000 முதல் 2500 மி.மீ. வரை மழை பெய்யும், இடையில் நான்கு மாதம் வரை வறண்டு கிடக்கும். அந்தச் சமயத்தில் மரம் இலையை உதிர்த்துவிட்டு, மழைக்கு முன்னால் செம்பு நிறத்தில் புதுத் தளிர் விடும்.

அந்த இலையே மரத்துக்கு எமனாகவும் இருந்தது. 19-ம் நூற்றாண்டு பெலிஸில் மரம் வெட்டும் கூட்டத்துக்கு என்றே ஒரு 'வேட்டைக்காரர்' இருப்பார். ஆகஸ்ட் மாதத்தில் காட்டிலேயே உயரமான மரத்தில் ஏறி நின்று பார்ப்பார். பச்சைக் கடலில் எங்கெங்கே இலை நிறம் மாறித் தெரிகிறதோ அங்கெல்லாம் மகாகனி. இறங்கி வந்து கூட்டத்தை அங்கே கூட்டிப்போவார். வெட்டிய மரத்தை மாடு பூட்டி, பகல் வெயிலுக்குப் பயந்து இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் ஆற்றங்கரைக்கு இழுத்து, வெள்ளம் வந்ததும் மிதக்கவிடுவார்கள். அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும். இன்றும் பெலிஸ் நாட்டின் தேசிய மரம் மகாகனி. அந்த நாட்டுச் சின்னத்தில் மரமும் இருக்கிறது, கோடரியோடு ஒருவரும் துடுப்போடு ஒருவரும் நிற்கிறார்கள்.

மரத்தை ஏன் அப்படித் தேடிப் போனார்கள்? காட்டில் அது கூட்டமாக நிற்பதில்லை. பல இடங்களில் ஒரு எக்டேருக்கு, அதாவது இரண்டரை ஏக்கருக்கு, ஒரு பெரிய மரம்கூடத் தேறாது. சுற்றிலும் வேறு வேறு மரங்கள். அமேசானின் தென்கிழக்குப் பகுதியில் ஓடையோரங்களில்தான் அதிகம் தென்படும். புயல், தீ, வெள்ளம் என்று ஏதாவது ஒன்று காட்டைக் கிழித்து வெளிச்சம் விழும் இடத்தில்தான் அதன் கன்று எழும்பும். அடர்ந்த நிழலில் முளைத்த கன்று சில ஆண்டுகளில் செத்துப்போகும். பிழைத்த மரம் 30 - 40 மீட்டர் உயரம் போய், நூற்றாண்டுகள் நிற்கும்.

இதிலிருந்து நம் ஊர் விவசாயி எடுத்துக்கொள்ள வேண்டியது மூன்று: தலைக்கு மேல் வெளிச்சம் வேண்டும், காலடியில் ஈரம் வேண்டும், தன் இனத்தோடு நெருங்கி நிற்பது அதற்குப் பழக்கமில்லை. கீழே வரும் பதில்கள் பலவும் இந்த மூன்றைச் சுற்றித்தான்.

அப்படியானால் நம் மழைக்கு வருமா, வராதா?

வரும். ஆனால் கன்று விற்பவர்கள் நோட்டீஸில் போட்டிருக்கிற வேகத்தில் வராது.

நம் இரண்டு மாவட்டத்திலும் ஆண்டு மழை சராசரியாக 850 மி.மீ. பக்கம். அதுவும் ஏதாவது ஒரு வருஷம் ஏமாற்றிவிடும். பெரும்பகுதி ஆடிக்குப் பின் தொடங்கி ஐப்பசி, கார்த்திகைக்குள் முடிந்துவிடுகிறது. மார்கழியிலிருந்து சித்திரையில் கோடை மழை இறங்கும் வரை நிலம் காய்கிறது. மகாகனி தாங்கும் வறட்சி நான்கு மாதம், நம் வறட்சி அதையும் தாண்டுகிறது. மழையளவும் அதன் குறைந்தபட்சத்துக்குக் கீழே நிற்கிறது.

சாகாது என்பதும் உண்மைதான். வேர் பிடித்த மரம் இலையைக் கொட்டிவிட்டுக் கோடையைக் கடந்துவிடும். சிக்கல் என்னவென்றால், மரம் பிழைத்துக் கிடப்பது வேறு, பருத்து விலைக்குப் போவது வேறு. கேரளத்தில் 3000 மி.மீ. மழையில் வளர்ந்த தோட்டத்தைப் படம் எடுத்துக் காட்டி நல்லம்பள்ளியில் கன்று விற்றால், படத்தில் இருப்பது நல்லம்பள்ளி மரம் இல்லை என்று நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மண்ணையும் பார்க்க வேண்டும். ஆழமான செம்மண், ஏரிக்குக் கீழே உள்ள வண்டல் கலந்த மண், வடிகால் உள்ள இடம் என்றால் நல்லது. இரண்டடி தோண்டியதும் பாறை தட்டும் கொல்லையிலும், சுண்ணாம்புச் சுக்கான் நிலத்திலும் நட்டால் மரம் குள்ளமாகவே நின்றுவிடும். குழி எடுக்கும்போதே தெரிந்துவிடும்; கடப்பாரை சொல்வதைக் கேளுங்கள்.

போர்வெல் இருக்கிறது, சொட்டுநீர் இருக்கிறது. ஒரு ஏக்கர் முழுக்க நடலாமா?

நடலாம் என்று யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். ஆயிரம் அடிக்கும் கீழே போய்த் தண்ணீர் தேடும் ஊர்களில், 20 - 30 ஆண்டு நிற்க வேண்டிய மரத்தைப் போர் தண்ணீரை நம்பி நடுவது கணக்குக்கு ஒத்துவராது. முதல் மூன்று கோடைக்குத் தண்ணீர் கொடுங்கள், அது கட்டாயம். அதற்குப் பிறகும் தண்ணீர் விட்டால்தான் வளரும் என்கிற நிலம், மகாகனிக்கான நிலம் இல்லை. தண்ணீர் தக்காளிக்குப் போகட்டும்.

12 வருஷத்தில் ஏக்கருக்கு ஒரு கோடி என்கிறார்களே?

கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம், பேனாவும் பேப்பரும் போதும்.

மரக்கடையில் உருட்டு மரத்தை அளக்கும் வழக்கமான முறை இது: சுற்றளவை நான்கால் வகுத்து, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கினால் கன அடி. சுற்றளவு 2 அடி, நேரான அடிமரம் 10 அடி உள்ள மரம் என்றால், அரை அடி பெருக்கல் அரை அடி பெருக்கல் 10. இரண்டரை கன அடி. சுற்றளவு 4 அடி, நேரான நீளம் 15 அடி உள்ள மரம் என்றால் 15 கன அடி. சுற்றளவு இரண்டு மடங்கு, நீளம் ஒன்றரை மடங்கு, ஆனால் மரம் ஆறு மடங்கு. காசு முழுவதும் பருமனில்தான் இருக்கிறது. பருமன் வருவது கடைசி ஆண்டுகளில்.

விற்பவர்கள் என்ன செய்கிறார்கள்? 10 அடிக்கு 10 அடி நட்டால் ஏக்கருக்கு 435 மரம். ஒவ்வொன்றும் 15 கன அடி தரும் என்று வைத்து, வைரம் (முற்றிய நடுக்கட்டை) பாய்ந்த மரத்தின் சில்லறை விலையால் பெருக்கிவிடுகிறார்கள். அந்த இடைவெளியில் 435 மரமும் 4 அடி சுற்றளவுக்குப் பருக்க இடமே கிடையாது. பாதிக்கு மேல் இடையில் களைய வேண்டியிருக்கும். 12 வயது மரத்தில் வைரம் குறைவு, வெளிப்பக்கத்து வெள்ளைக்கட்டை அதிகம். விவசாயிக்குக் கிடைப்பது கடைச் சில்லறை விலையும் இல்லை. வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, வண்டி வாடகை, அறுவை மில் சேதாரம் எல்லாம் போகத்தான் மிச்சம்.

ஈரமுள்ள நாடுகளின் தோட்டங்களிலேயே மகாகனியை வெட்ட 30 ஆண்டுக்கு மேல் காத்திருக்கிறார்கள். பிஜித் தீவில் வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கிய பெரிய மகாகனித் தோட்டங்கள் உண்டு, அங்கேயும் அதே கதைதான். நம் நிலத்தில் அதைவிட முன்னால் முற்றும் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. பிள்ளையின் கல்யாணச் செலவுக்கு என்று நடாதீர்கள், பேரப்பிள்ளைக்கு என்று நடுங்கள்.

'நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்' என்று ஒப்பந்தம் நீட்டினால், என்ன விலைக்கு, எந்தச் சுற்றளவுக்கு, எத்தனையாவது ஆண்டில் என்று எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். 'அன்றைய சந்தை விலைக்கு' என்று மட்டும் போட்டிருந்தால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. சந்தை விலைக்கு யாரிடமும் விற்கலாமே.

மரம் உண்மையிலேயே உசத்திதானா?

உசத்திதான், அதில் சந்தேகம் வேண்டாம். காய்ந்த பிறகு சுருங்குவதும் முறுக்குவதும் மிகக் குறைவு, உளிக்கும் இழைப்புளிக்கும் இணங்கும், மெருகு ஏற்றினால் செம்பழுப்பில் மின்னும். 1721-ல் பிரிட்டன் தன் அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரத்துக்கு இறக்குமதி வரியை நீக்கியதும், 18-ம் நூற்றாண்டு லண்டன் மேசை நாற்காலி எல்லாம் மகாகனியாக மாறியது. கிட்டார் செய்பவர்கள் இன்றும் அதைத்தான் தேடுகிறார்கள்.

ஆனால் இது தேக்கு இல்லை. கரையான் தாங்கும் சக்தி நடுத்தரம். மண்ணில் ஊன்றும் கம்பத்துக்கும், மழையில் நனையும் வாசற்காலுக்கும் நான் போட மாட்டேன். வீட்டுக்குள் கட்டில், அலமாரி, கதவுப் பலகை என்றால் அருமை. தோட்டத்தில் வேகமாக வளர்ந்த இளமரம் நிறத்திலும் கனத்திலும் காட்டு மரத்துக்குக் குறைவு என்பதை ஆசாரிகள் தொட்டதுமே சொல்லிவிடுவார்கள்.

என் கன்றுகள் நுனி கருகி, இரண்டு மூன்று கவையாகப் பிரிகின்றன. என்ன நோய்?

நோய் இல்லை, புழு. மகாகனி நடுகிற எல்லோரும் ஒருநாள் சந்திக்கும் எதிரி. ஹிப்சிபைலா ரோபஸ்டா என்ற அந்துப்பூச்சியின் புழு நுனிக்குருத்துக்குள் துளைத்துப் போய் உள்ளே தின்னும். குருத்து வாடித் தொங்கும், துளை வாயில் மரத்தூளும் பிசினும் ஒட்டியிருக்கும். நுனி செத்ததும் கீழிருந்து நாலு கிளை ஒன்றாக வரும். மரம் சாகாது. ஆனால் 15 அடி நேராகப் போக வேண்டிய அடிமரம் 4 அடியில் கவையாகிவிட்டால் அது விறகுதான்.

அமெரிக்காவில் மகாகனியைத் தாக்குவது இதன் உறவுக்காரப் பூச்சி. இங்கே இருப்பது நம் ஊர்ப் பூச்சி. சந்தனவேம்பு போன்ற நம் மரங்களில் காலங்காலமாக இருந்ததுதான், மகாகனி வந்ததும் அதையும் பிடித்துக்கொண்டது. காட்டில் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்பதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவது பூச்சிக்குக் கஷ்டம். நாம் 435 கன்றை வரிசையாக நட்டு, அதற்குப் பந்தி விரித்து வைக்கிறோம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கலந்து நடுங்கள், மகாகனிக்கு அடுத்து மகாகனி வரக்கூடாது. பக்கவாட்டில் நிழல் இருக்கட்டும், தலை மட்டும் திறந்திருக்கட்டும். அகத்தி, மலைவேம்பு, துவரை எதுவானாலும் சரி. அப்போது கன்று வெளிச்சத்தைத் தேடி நேராக மேலே ஏறும், பூச்சியின் கண்ணிலும் குறைவாகப் படும். முதல் நான்கைந்து ஆண்டு, மழைக்குப் பின் புதுத் தளிர் விடும் காலத்தில் வாரம் ஒருமுறை சுற்றி வாருங்கள். வாடிய நுனியைப் புழுவோடு சேர்த்து வெட்டி எரித்துவிடுங்கள். கீழே எழும் கிளைகளில் திடமான ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கவாத்து செய்யுங்கள். அந்த ஒன்றே தலைக்குருத்தாக மாறிவிடும். இருபது அடி தாண்டிய பிறகு புழு அடித்தாலும் பெரிய நஷ்டமில்லை.

மருந்து? புழு தண்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போது மேலே தெளித்தால் கடைக்காரருக்குத்தான் லாபம்.

ஆப்பிரிக்க மகாகனி என்று கொடுத்தார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

ஒன்றில்லை. அது காயா என்ற வேறு பேரினம், அதே வேப்பங்குடும்பம். நம் நர்சரிகளில் கிடைப்பது பெரும்பாலும் காயா செனகலென்சிஸ். செனகலிலிருந்து உகாண்டா வரை உள்ள, புல்வெளியும் மரமும் கலந்த சவன்னா நாடுகளின் மரம். வறட்சியைப் பெரிய இலை மகாகனியைவிட நன்றாகத் தாங்கும். நம் மழைக்கு அதுவே பொருத்தம் என்பது என் எண்ணம். ஆனால் மகாகனி விலைக்கு மகாகனி என்று எண்ணி இதை வாங்காதீர்கள்.

காய் காய்த்த தாய்மரத்தைப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். பெரிய இலை மகாகனியின் காய் பேரிக்காய் வடிவம், கைக்கு அடங்காத அளவு, கட்டை போல் கெட்டி, கிளையில் நிமிர்ந்து நிற்கும். முற்றியதும் அடியிலிருந்து ஐந்து ஓடாகப் பிளந்து, ஒற்றை இறக்கை வைத்த விதைகள் சுழன்று பறக்கும். காயாவின் காய் எலுமிச்சை அளவு உருண்டை. விதை தட்டையாக, சுற்றிலும் மெல்லிய விளிம்போடு இருக்கும். கன்றாக இருக்கும்போது பிரித்தறிவது கஷ்டம். அதனால்தான் நம்பகமான இடத்தில் வாங்கச் சொல்வது. பாப்பாரப்பட்டியிலும் எலுமிச்சங்கிரியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களில் விசாரிக்கலாம். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியையும் கேட்கலாம்.

மாந்தோப்பு வரப்பில் நடலாமா?

நடலாம், எனக்குப் பிடித்த முறையே வரப்பு நடவுதான். வரப்பில் 15 அடிக்கு ஒன்று, மகாகனி, வேங்கை, நீர்மருது என்று மாறி மாறி. பெங்களூரா மாமரத்துக்குக் காலை வெயில் மறைக்காத பக்கமாக, வடக்கு அல்லது மேற்கு வரப்பாகத் தேர்ந்தெடுங்கள். மாவுக்குப் போகும் ஈரத்தில் இதற்கும் பங்கு கிடைக்கும், பூச்சிக்கும் வரிசை கிடைக்காது. ஆடி முதல் புரட்டாசிக்குள், நல்ல மழை ஒன்று இறங்கிய பின் நடுங்கள். பக்கத்து நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடுவது நல்லது. வரப்பு மரத்துச் சண்டை மரத்தைவிட நீண்ட ஆயுள் கொண்டது.

அழியும் நிலையில் உள்ள மரம் என்கிறார்களே, வளர்த்தால் வெட்டவிடுவார்களா?

அழிவு ஆபத்து அமெரிக்கக் காடுகளில் உள்ள மரத்துக்கு. சைட்டிஸ் என்ற பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் பெரிய இலை மகாகனி 2002-ல் சேர்க்கப்பட்டு, 2003 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்தப் பதிவு அமெரிக்கக் கண்டத்தில் வளரும் மரத்தைத்தான் குறிக்கிறது. பிரேசிலும் 2001-ல் மகாகனி வெட்டுவதை நிறுத்தி வைத்தது. ஆப்பிரிக்கக் காயாவும் 2022-ல் பனாமாவில் நடந்த மாநாட்டில் அதே பட்டியலுக்கு வந்துவிட்டது. அதுவும் ஆப்பிரிக்காவில் நிற்கும் மரத்துக்குத்தான். நம் கொல்லை மரத்துக்கு இவை பொருந்தா. உள்ளூர் விதி வேறு, அது கடைசிக் கேள்வியில்.

காட்டை ஒட்டிய நிலம். நடலாமா?

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கம் காட்டோடைக்கு அருகே நிலம் என்றால் வேண்டாம். பிலிப்பைன்ஸில் காடு வளர்க்க என்று 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகாகனியைக் கொண்டுபோய் நட்டார்கள். மாகிலிங் மலையில் அது இயற்கைக் காட்டுக்குள்ளேயே பரவிவிட்டது. நம் வறண்ட புதர்க்காட்டில் அப்படிப் பரவ வாய்ப்பு குறைவு. ஆனால் ஓடையோர ஈரம் அதற்குப் பிறந்த வீடு மாதிரி. 2014-ல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தின் ஆற்றோரத்தில் நிற்கும் பழைய நீர்மருதுகளும், அவற்றில் வாழும் நரை அணில்களும் வேறெங்கும் எளிதில் கிடைக்காதவை. அந்தக் கரைக்கு இறக்கை விதை பறக்க வேண்டாம்.

நம் ஊர் மழைக்கே பழகிய வைர மரம் எது?

இதைக் கேட்பவர்கள் குறைவு என்பதுதான் வருத்தம். ஆச்சா மரம் நம் மலைச்சரிவுகளில் பாறை இடுக்கிலும் நிற்கிறது. இந்தியாவின் மிகக் கனமான மரங்களில் ஒன்று. மெதுவாகத்தான் வளரும், ஆனால் யாரும் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. வேங்கை செம்மண் மேட்டுக்கு ஏற்றது, கதவு நிலைக்குத் தேக்குக்கு அடுத்து நிற்கும். ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம் என்றால் நீர்மருது. கொல்லை ஓரத்தில் தானாக முளைத்து நிற்கும் வேம்பையும் மரக்கடைக்காரர் வேண்டாம் என்று சொல்வதில்லை. பத்து மரம் நட இடம் இருந்தால் ஏழு இவற்றில், மூன்று மகாகனி என்று வைத்தால் எனக்குச் சம்மதம்.

மகாகனிக் கொட்டை சாப்பிட்டால் சர்க்கரை குறையுமாமே?

மகாகனி விதைதான் 'ஸ்கை ஃப்ரூட்' என்ற பெயரில் விற்கிறது. கசப்பு கடுமையாக இருக்கும். கசந்தால் சர்க்கரைக்கு மருந்து என்று நம் ஆட்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். இதைத் தின்று கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. ஏற்கெனவே மாத்திரை போடுபவர்கள் இதையும் மென்றால் சர்க்கரை திடீரென இறங்கும் ஆபத்தும் உண்டு. விதையை நாற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் பறித்த புதிதிலேயே போடுங்கள். நாள் ஆக ஆக முளைப்பு குறையும்.

வெட்டுவதற்கு அனுமதி வேண்டுமா?

தமிழ்நாட்டில் வெட்டிய மரத்தை வண்டியில் ஏற்றிச் செல்வதற்கு 1968-ம் ஆண்டு மரப் போக்குவரத்து விதிகள் இருக்கின்றன. எந்த மரத்துக்கு விலக்கு என்பது அரசாணைக்கு அரசாணை மாறும். நடும் ஆண்டிலேயே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் மரங்களைப் பதிந்துவிடுங்கள், எத்தனை மரம், என்ன மரம் என்று. கன்று வாங்கிய ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். வெட்டுவதற்குச் சில மாதம் முன்பே வனச்சரக அலுவலகத்தில் அன்றைய விதியைக் கேட்டுக்கொண்டு, பிறகு வியாபாரியிடம் முன்பணம் வாங்குங்கள். ஓசூர் தாண்டிப் பெங்களூர் மில்லுக்குப் போவதென்றால் கர்நாடக எல்லைச் சோதனைச் சாவடியிலும் காகிதம் கேட்பார்கள்.